முடிவு தெரிந்த கதைக்கு ஏன் இப்படி நெஞ்சு அடித்துக்கொள்கிறது? (ஐசி 814 தொடர்)

கடைசிவரிசை

நெட்ஃபிளிக்ஸில் ‘ஐசி 814: தி காந்தகார் ஹைஜாக்’ இப்போதுதான் பார்த்து முடித்தேன். 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்தபோது இங்கே எல்லோரும் அடித்துக்கொண்டீர்கள், அந்தச் சண்டையைப் பார்த்தே நான் தொடரைத் தள்ளிப்போட்டேன். ஆறு பகுதிதானே என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தவன், ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன்.

என் குழப்பம் இதுதான். முடிவு என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும். 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லி கிளம்பிய இந்திய விமானம் கடத்தப்பட்டு, அமிர்தசரஸ், லாகூர், துபாய், காந்தகார் என்று அலைந்தது, 31ஆம் தேதி மூன்று பேரைச் சிறையிலிருந்து விடுவித்துப் பயணிகளை மீட்டார்கள். இதெல்லாம் விக்கிப்பீடியாவில் இருக்கிறது. அப்படியும் அமிர்தசரஸ் காட்சியில் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு டிவியைப் பார்த்து, “அந்த லாரியக் குறுக்க நிறுத்துங்களேன்டா!” என்று கத்தினார். அவருக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது, சப்டைட்டிலும் படிக்கவில்லை.

என் கேள்விகள்:

அமிர்தசரஸில் நடந்ததாகக் காட்டுவது உண்மையா, இல்லை பதற்றத்துக்காகச் சேர்த்த மசாலாவா? தரையில் நிற்கிற ஒரு விமானத்தை ஓர் அரசாங்கத்தால் நிறுத்திவைக்க முடியாதா? எனக்கு அது நம்பும்படியாக இல்லை. அப்புறம், இதே மாதிரி அடுத்து எதைப் பார்க்கலாம்? துப்பாக்கிச் சண்டை வேண்டாம், இந்த மாதிரி வயிற்றைப் பிசைகிற வகை வேண்டும்.

பழையரேடியோ

தம்பிக்கு அந்த வாரம் நினைவிருக்க வயதில்லை என்று தெரிகிறது. எனக்கு அப்போது திண்டுக்கல்லில் ஒரு எஸ்டிடி பூத். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி, பேசுவதற்கு வரிசை நின்றது, காத்திருந்த ஒருவர்தான் விமானத்தைக் கடத்திவிட்டார்களாம் என்றார். அதற்குப் பிறகு எட்டு நாளும் ஒரே பேச்சுதான். காலைப் பேப்பரில் விமானம் ஒரு ஊரில் இருக்கும், ரேடியோவைத் திருப்பினால் வேறு ஊருக்குப் போயிருக்கும். ராத்திரி பிபிசி தமிழோசைக்காகக் கடையில் நாலு பேர் கூடுவோம். காந்தகார் எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாமல், பக்கத்து வீட்டுப் பையனின் பள்ளிக்கூட அட்லஸை வாங்கி வந்து விரலை வைத்துத் தேடினோம். அட்லஸைத் திருப்பிக் கேட்டு அவன் அழுதது தனிக்கதை.

தொடரில் நடுநடுவே பழைய செய்திப் படங்களைச் சேர்த்திருக்கிறார்கள் இல்லையா, டெல்லியில் பயணிகளின் சொந்தக்காரர்கள் தெருவில் உட்கார்ந்து அழுவது, அமைச்சர்களைக் கேள்வி கேட்பது, அதெல்லாம் அன்றைக்கு டிவியில் பார்த்தது. அதைப் பார்த்துவிட்டு “அவர்கள் கேட்பதைக் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே” என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். விடுதலையான மூவரில் ஒருவனான மசூத் அசார் சில வாரத்திலேயே ஜெய்ஷ்-இ-முகமது தீவிரவாத அமைப்பை ஆரம்பித்ததும், அதே நாலு பேர் அதே கடையில் உட்கார்ந்து “எப்படிக் கொடுக்கலாம்?” என்று பேசினோம். அந்த நாலு பேரிலும் நான் இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சக்கரக்கட்டை

அமிர்தசரஸ் கேள்விக்கு என்னால் கொஞ்சம் பதில் சொல்ல முடியும். ஒரு விமான நிலையத்தின் ராம்ப்பில், அதாவது விமானங்கள் நிற்கிற இடத்தில், பதினோரு வருடம் வேலை பார்த்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில், அது மசாலா இல்லை. அந்த விமானம் மாலை ஏழு மணி வாக்கில் அமிர்தசரஸில் இறங்கியது, 7.49க்குக் கிளம்பிப் போய்விட்டது. மொத்தம் 48 நிமிடம்தான். அங்கே இறங்கியதே எரிபொருளால்தான். காத்மாண்டு–டெல்லி ஒன்றரை மணி நேரப் பயணம். அந்தத் தூரத்துக்குத் தேவையானது, டெல்லியில் இறங்க முடியாவிட்டால் பக்கத்து ஊருக்குப் போக வேண்டியது, அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பு, இவ்வளவுதான் டேங்கில் ஊற்றுவார்கள். ஊர் சுற்றுவதற்கு ஊற்ற மாட்டார்கள். கடத்தியவர்கள் மேற்கே போகச் சொன்னார்கள், லாகூர் அனுமதி தரவில்லை, கேப்டன் எண்ணெய் இல்லை என்று சொல்லிச் சொல்லி அமிர்தசரஸில் இறக்கினார். அதாவது விமானத்தை இந்திய மண்ணில் இறக்கும் வேலையை அவர் முடித்துக்கொடுத்துவிட்டார், மிச்சம் தரையில் இருந்தவர்களின் வேலை.

இப்போது “நிறுத்திவைக்க முடியாதா” என்ற கேள்வி. சாதாரணமாக நாங்கள் ஒரு விமானத்தை எப்படி நிறுத்துவோம் தெரியுமா? சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்போம், அவ்வளவுதான், ராம்ப்பில் அதை சாக்ஸ் என்போம். அத்தனை டன் இரும்பை அந்தக் கட்டை பிடித்துவைத்திருக்கும். ஆனால் விமானத்தின் வயிற்றில் மினுக்கும் சிவப்பு விளக்கு அணைகிற வரைக்கும் யாரும் கிட்டே போக மாட்டோம், அது எரிகிறதென்றால் இன்ஜின் ஓடுகிறது, இல்லை ஓடப்போகிறது என்று அர்த்தம். ஓடுகிற இன்ஜினின் வாய்ப்பக்கம் போனால் ஆளையே உறிஞ்சிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தந்த முதல் பாடமே இதுதான். ஆகவே, ஓடுபாதையில் கிளம்பத் தயாராக நிற்கிற விமானத்துக்குக் கட்டை வைக்கும் பேச்சே கிடையாது. வண்டியைக் குறுக்கே விடலாம், டயரைச் சுடலாம், இரண்டுதான் வழி.

வண்டியை விடலாம் என்றுதான் எண்ணெய் டேங்கரை அனுப்பினார்கள், நாங்கள் அதை பவுசர் என்போம். இங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது. ராம்ப்பில் பவுசர் எப்படி வரும் என்று பார்த்திருக்கிறீர்களா? நடக்கிற வேகத்தில் வரும். விமானத்தை நெருங்குவதற்கு முன்னால் ஒருமுறை நின்று பிரேக்கைச் சோதித்துவிட்டு, அப்புறம் ஆள் கைகாட்ட ஊர்ந்து வரும். அன்றைக்கு அந்த டேங்கர் வேகமாக வந்திருக்கிறது. மெதுவாகப் போ என்று ரேடியோவில் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டது. விமானத்துக்குள் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வர அது போதும். உடனே கிளம்பு என்று கேப்டனை மிரட்ட, டேங்கரை மயிரிழையில் தவறவிட்டு விமானம் மேலே போனது. அதற்குள் உள்ளே பயணிகளைக் கத்தியால் குத்தியிருந்தார்கள், ஒருவர் இறந்தே போனார்.

நான் அந்த டிரைவராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பழக்கம் கையில் ஊறியிருக்கும். ரேடியோவில் குரல் கேட்டதும் கால் தானாக பிரேக்குக்குப் போயிருக்கும், நானும் நின்றுதான் இருப்பேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இதே அமிர்தசரஸில் 1993 ஏப்ரலில் டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன விமானத்தை ஒரே ஆள் கடத்தினான். அப்போதும் லாகூர் இறங்கவிடவில்லை, விமானம் அமிர்தசரஸுக்குத் திரும்பியது, நள்ளிரவு தாண்டி என்எஸ்ஜி கமாண்டோ வீரர்கள் உள்ளே புகுந்து சில நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். உள்ளே இருந்த 141 பேரும் பத்திரமாக வெளியே வந்தார்கள். அன்றைக்குக் கையில் ஒன்பது பத்து மணி நேரம் இருந்தது. 1999இல் முக்கால் மணி நேரம், அந்த முக்கால் மணியும் டெல்லியில் ஒரு மேசையைச் சுற்றி யார் உத்தரவு போடுவது என்பதிலேயே போய்விட்டது. படை வந்து சேருவதற்குள் விமானம் இல்லை. உங்கள் அம்மா டிவியைப் பார்த்துக் கத்திய அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை.

சுக்குக்காப்பி

கடத்தியவர்களுக்குப் போலா, சங்கர் என்று இந்துப் பெயர் வைத்தது சரியா? அதற்குத்தானே அவ்வளவு கலாட்டா?

மாலதி_திருச்சி

@சுக்குக்காப்பி அந்தப் பெயர்களைத் தொடர் எடுத்தவர்கள் வைக்கவில்லை. சீஃப், டாக்டர், பர்கர், போலா, சங்கர் என்று கடத்தியவர்களே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள், 2000 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையிலேயே அது இருக்கிறது. உண்மையான ஐந்து பெயர்களையும் தொடர் முதலில் சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நெட்ஃபிளிக்ஸைக் கூப்பிட்டுப் பேசிய பிறகு தொடக்க அறிவிப்பில் சேர்த்தார்கள். முதலிலேயே ஒரு வரி போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

எனக்கு வேறொரு விஷயம்தான் தோன்றிக்கொண்டே இருந்தது, இதுவரை இங்கே யாரும் சொல்லவில்லை என்பது ஆச்சரியம். டெல்லியில் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் டி.ஆர்.எஸ். என்ற வெளியுறவுத் துறை அதிகாரியாக நடிப்பவர் யார் என்று பார்த்தீர்களா? அரவிந்த்சாமி! 1992இல் ‘ரோஜா’வில் பிணைக்கைதியாகக் கையைக் கட்டிப்போட்டு வைத்திருந்த அதே மனிதர். அங்கே அவரை மீட்க ஒரு தீவிரவாதியை விடுவிக்கலாமா என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே முப்பது வருடம் கழித்து, கோட்டு போட்டுக்கொண்டு அவரே உட்கார்ந்து மற்றவர்களுக்காக அந்தக் கணக்கைப் போடுகிறார். இயக்குநர் அனுபவ் சின்ஹா தெரிந்துதான் செய்தாரா என்பது வேறு விஷயம், தமிழ்நாட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அது சும்மா போகாது. எங்கள் வீட்டில் அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் என் அக்கா “பாவம், இவருக்குத் தெரியும்” என்றாள்.

பேச்சுவார்த்தைக் காட்சிகள்தான் தொடரின் உயிர் என்பேன். நஸ்ருதீன் ஷா, பங்கஜ் கபூர், மனோஜ் பாவா, குமுத் மிஸ்ரா என்று அத்தனை பேரும் கத்தாமல் நடிக்கிறார்கள். 36 கைதிகள், 20 கோடி டாலர், புதைக்கப்பட்ட ஒரு தீவிரவாதியின் உடல் என்று ஆரம்பித்த கோரிக்கை மூன்று கைதிகளில் வந்து நிற்கிறது. டீக்கடை பேரம் மாதிரியே இருக்கும், ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யார் யாரோ சாகலாம். பணமும் உடலும் கேட்பது மதத்துக்கு விரோதம் என்று அப்போது காந்தகாரை ஆண்ட தாலிபான்களே சொல்லி அதை விடவைத்தார்கள், அதுவும் உண்மையில் நடந்ததுதான். பத்திரிகை அலுவலகக் காட்சிகளை மட்டும் நான் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அந்த இரண்டு பெண்களும் வாதாடுவது கதையை நகர்த்தவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. காந்தகாரில் கழிவறை நிரம்பி வழிய, கேப்டனே கீழே இறங்கி அடைப்பைச் சரிசெய்வதாகக் காட்டுகிறார்களே, அதை அந்த விமானத்தின் உண்மையான கேப்டன் தேவி சரண் மறுத்துவிட்டார். தாலிபான்கள் ஒரு தொழிலாளியை அனுப்பினார்கள், குழாய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாததால் தான் கூடப் போய்க் காட்டினேன் என்றுதான் பேட்டியில் சொன்னார். கடைசியில் அமைச்சர் சல்யூட் அடிப்பதும் நடக்கவில்லையாம். இத்தனைக்கும் அவர் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தை வைத்துத்தான் தொடரே. எனக்கென்னவோ உண்மையில் நடந்ததுதான் பெரிய காட்சியாகப் படுகிறது. துப்பாக்கிக்கு நடுவில் இரண்டு பேர் விமானத்தின் அடிவயிற்றில் புகுந்து குழாயைத் தேடுவது, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிந்ததோ இல்லையோ! அதை அப்படியே எடுத்திருக்கலாம்.

பாப்கார்ன்பாண்டி

அடுத்து என்ன பார்க்கலாம் என்ற கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 😀

ஆப்பிள் டிவியில் ‘ஹைஜாக்’ (2023). இட்ரிஸ் எல்பா. துபாயிலிருந்து லண்டன் போகும் விமானம், ஏழு மணி நேரப் பயணம், ஏழு பகுதி, நாம் பார்க்கும் நேரமும் விமானம் பறக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போகும். இதில் அவர் போலீஸ் இல்லை, ராணுவம் இல்லை, கம்பெனிகளுக்கு நடுவில் பேரம் பேசித் தருவது தொழில். எழுந்து யாரையும் அடிக்க மாட்டார். முதலில் கடத்தல்காரர்களிடமே போய், நான் வீட்டுக்குப் போக வேண்டும், அதற்கு உங்களுக்கு உதவுகிறேன் என்கிற மாதிரி பேசுவார். பக்கத்து சீட்காரர்கள் இவனை நம்பலாமா என்று முழிப்பார்கள், நமக்கும் அதே சந்தேகம் வரும். அங்கேதான் தொடர் நம்மைப் பிடிக்கிறது.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது முழுக்கக் கற்பனை. கடைசி இரண்டு பகுதியில் தர்க்கத்தை மூட்டைகட்டி ஓவர்ஹெட் பின்னில் போட்டுவிட வேண்டும். யார் எதற்காகக் கடத்துகிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அடிக்க வருவீர்கள். 2026 ஜனவரியில் இரண்டாவது சீசன் வந்தது, அதில் விமானமே கிடையாது, பெர்லின் சுரங்க ரயில். அந்த மனிதர் இனி ஷேர் ஆட்டோவில்கூட ஏறக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து.

தமிழிலேயே வேண்டுமென்றால் ராதா மோகனின் ‘பயணம்’ (2011) இருக்கிறது. கடத்திய விமானம் திருப்பதியில் இறங்கும். சிரிப்பும் உண்டு, ஆனால் கேட்ட அந்த வயிற்றைப் பிசைகிற வகை இல்லை.

சக்கரக்கட்டை

@பாப்கார்ன்பாண்டி அந்த ஆப்பிள் தொடரில் எனக்குப் பிடித்தது தரையில் இருக்கும் அந்தக் கன்ட்ரோலர் பெண்தான். ஏதோ சரியில்லை என்று அவர் ஒருவருக்குத்தான் முதலில் உறைக்கும், மேலே உள்ளவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

விமானத்தைக் கடத்திவிட்டார்கள் என்று பைலட் வாய்விட்டுச் சொல்ல முடியாதபோது, ராடாருக்குப் பதில் அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரில் 7500 என்று ஓர் எண்ணைப் போட்டால் போதும், கீழே ராடார் திரையில் தெரிந்துவிடும். ரேடியோ கெட்டுப்போனால் 7600, வேறு ஆபத்து என்றால் 7700. இதைத் தெரிந்துகொண்டு இரண்டு தொடரையும் மறுபடி பாருங்கள், காக்பிட்டில் கை எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றும்.

அப்புறம் 1999 விமானத்தின் காக்பிட்டில் மூன்று பேர் இருப்பார்கள், கவனித்தீர்களா? பழைய ஏர்பஸ் ஏ300, அதில் இரண்டு பைலட்டோடு ஒரு ஃபிளைட் இன்ஜினியரும் உண்டு. அந்தக் கதவை யார் வேண்டுமானாலும் தட்டித் திறந்துகொண்டு போகலாம். இன்றைக்கு இருக்கிற குண்டு துளைக்காத பூட்டுக் கதவெல்லாம் 2001 செப்டம்பர் அமெரிக்கத் தாக்குதலுக்குப் பிறகு வந்தது. இன்று அந்தக் கதையை எடுத்தால் முதல் பகுதியிலேயே முடிந்துவிடும்.

நேபாளம்போனவன்

ஒரு சின்னத் தகவல். காத்மாண்டுவிலிருந்து இந்திய விமானத்தில் திரும்பியிருக்கிறேன். உள்ளே எல்லாச் சோதனையும் முடித்து, பஸ்ஸில் போய் இறங்கினால், ஏணிக்குக் கீழே மறுபடியும் ஒரு மேசை போட்டுப் பையைத் திறந்து பார்த்தார்கள், உடம்பையும் தடவிப் பார்த்தார்கள். குளிரில் நின்றிருந்த ஒரு பெரியவர் எரிச்சலில் முணுமுணுத்தார். எனக்குப் பின்னால் நின்ற இன்னொருவர் அவரிடம், “814 சார்” என்று எண்ணை மட்டும் சொன்னார். பெரியவர் அப்புறம் பேசவே இல்லை.

பழையரேடியோ

மாலதி அம்மா சொன்ன பேரத்தோடு இன்னொன்று. அந்த விமானத்தில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒரு பெரும்புள்ளியும் மாட்டிக்கொண்டார், பல நாடுகளுக்கு கரன்சி நோட்டு அச்சடிக்கும் இயந்திரம் செய்து தரும் கம்பெனியின் முதலாளி. சுவிஸ் அரசும் காந்தகாருக்கு ஆள் அனுப்பியது. இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது, ரொம்ப நாள் கழித்துப் படித்தேன். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், கடத்தியவர்களில் பர்கர் என்ற ஒருவன் பயணிகளோடு பாட்டுக்குப் பாட்டு விளையாடினான் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னதுதான். கடையில் அதை யாரும் நம்பவில்லை. கத்திக்குத்து நடந்த அதே விமானத்தில் அந்தாக்ஷரியா என்று கேட்டார்கள்.

கடைசிவரிசை

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகச் சக்கரக்கட்டை அண்ணனுக்கு. ரோஜா விஷயம் எனக்குச் சத்தியமாகத் தோன்றவே இல்லை, இப்போது அந்தக் காட்சிகளை மறுபடியும் பார்க்க வேண்டும்.

நேற்று ராத்திரி அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 48 நிமிடம், டெல்லி மேசை, 1993, எல்லாவற்றையும் கேட்டார். சாக்ஸ் என்றதும் மட்டும் கால் உறையா என்றார். முடித்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அந்த டிரைவர் அன்னிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பாராடா?” என்றார்.

சக்கரக்கட்டை

சாப்பிட்டிருக்க மாட்டார் தம்பி.